சரக்குத் தேங்கினால் ஒரு மருந்து, எடை மாறினால் ஒரு மருந்து



நம்மில் பலருடைய பிள்ளைகள் இன்று நிர்வாகப் படிப்பு படித்துவிட்டுக் கடைக்கு வந்து உட்காருகிறார்கள். வந்தவர்கள் லீன், கைசென், சிக்ஸ் சிக்மா என்று சில சொற்களைச் சொல்கிறார்கள். கல்லாவில் இருக்கும் பெரியவர்களோ, "அதெல்லாம் கார் செய்கிற கம்பெனிக்குச் சரி, பருப்பு விற்கிற நமக்கு எதற்கு?" என்று கேட்கிறார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பேச்சை அப்படி முடித்துவிட இது காலமல்ல.

ஒரு பக்கம் பெரிய அங்காடிகள், மறு பக்கம் கைப்பேசியில் ஆர்டர் வாங்கி வாசலில் கொண்டுவந்து கொடுக்கும் நிறுவனங்கள். நடுவே கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் லாபத்தில் நாம் கடை நடத்துகிறோம். விற்கும் விலையை நம் இஷ்டத்துக்கு உயர்த்த முடியாது. வாங்கும் விலையையும் ஓர் அளவுக்கு மேல் குறைக்க முடியாது. நம் கையில் மிச்சம் இருப்பது, கடைக்குள்ளேயே வீணாகப் போவதை நிறுத்துவது ஒன்றுதான். அந்த வேலையைத்தான் தொழிற்சாலைகள் பல ஆண்டுகளாக முறைப்படி செய்துவருகின்றன.

முறைகள் பல இருந்தாலும் முக்கியமானவை மூன்று. அவை ஒரே முறைக்கு வைத்த மூன்று பெயர்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோய்க்காக வந்த மருந்து. நம் கடைக்கு என்ன நோய் என்று பார்க்காமல் மருந்தை வாங்கினால் பணமும் போகும், நோயும் தீராது. ஆகவே அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியமாகிறது.

மளிகைக் கடையிடம் பாடம் படித்த கார் கம்பெனி

முதலாவது ஜப்பானின் டொயோட்டா முறை. இதைத்தான் பிற்காலத்தில், 1980-களின் கடைசியில், அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 'லீன்' என்று பெயரிட்டு அழைத்தார்கள். லீன் என்றால் ஊளைச்சதை இல்லாதது என்று பொருள்.

டொயோட்டா மோட்டார் கம்பெனி 1937-ல் தொடங்கப்பட்டது. உலகப் போருக்குப் பின் விற்பனை சரிந்து கடும் பணமுடையில் சிக்கியது. 1950-ல் ஆட்குறைப்பும் வேலைநிறுத்தமும் ஏற்பட்டு, நிறுவனர் கீய்ச்சிரோ டொயோடாவே பதவி விலக நேர்ந்தது. விற்காத பொருளில் பணத்தை முடக்கினால் கம்பெனி நிற்காது என்பதை அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

அங்கே தொழிற்கூடப் பொறுப்பில் இருந்தவர் தாய்ச்சி ஓனோ. அவருக்கு வழி காட்டியது வேறொரு கார் தொழிற்சாலை அல்ல. அமெரிக்காவின் சூப்பர் மார்க்கெட், அதாவது மளிகைக் கடைதான். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் நம் ஊர் போலவே கடைக்காரர் மேசைக்குப் பின்னால் நின்று சாமான் எடுத்துக் கொடுப்பார். 1916-ல் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறந்து, வாடிக்கையாளரே அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்ளும் பழக்கத்தைக் கொண்டுவந்தார். அப்படிப்பட்ட கடையில் வேண்டிய பொருளை, வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவு மட்டும் வாடிக்கையாளர் எடுக்கிறார். எடுத்த இடத்தை மட்டும் கடைக்காரர் நிரப்புகிறார்.

இதைக் கேள்விப்பட்ட ஓனோ, தொழிற்சாலையில் அடுத்த வேலைக்காரரை வாடிக்கையாளராகவும், முந்தைய வேலைக்காரரைக் கடைக்காரராகவும் நினைத்துப் பார்த்தார். 1953-ல் தம் தொழிற்கூடத்தில் அப்படியே நடத்தினார். 1956-ல் அமெரிக்கா போனபோது அந்தக் கடைகளை நேரிலும் பார்த்தார். எடுத்த அளவுக்கு மட்டும் திரும்பச் செய் என்று சொல்லும் ஓர் அட்டை முன்னும் பின்னும் போய்வரும். அதற்குக் கான்பான் என்று பெயர். ஆக, அந்நியமானது என்று நாம் ஒதுக்கும் இந்த முறைக்கு மூலம் நம் தொழில்தான்.

வீண் என்பதை ஓனோ ஏழு வகையாகப் பிரித்தார். நம் கடைப் பாஷையில் சொன்னால் இப்படி வரும்:

1. தேவைக்கு மேல் தயாரிப்பது. விற்காத கடலைப்பருப்பை நாற்பது பொட்டலம் போட்டு அடுக்குவது.
2. காத்திருப்பது. வாடிக்கையாளர் எடைக்கும், லோடுமேன் பில்லுக்கும் காத்து நிற்பது.
3. தேவையில்லாமல் தூக்கிச் சுமப்பது. மூட்டையை முதலில் மாடியில் ஏற்றி, மறுவாரம் கீழே இறக்குவது.
4. தேவைக்கு மேல் வேலை செய்வது. ஒரே கணக்கைச் சிட்டையிலும் நோட்டிலும் கம்ப்யூட்டரிலும் மூன்று முறை எழுதுவது.
5. அளவுக்கு மீறிய இருப்பு.
6. வீண் நடை. நாளைக்கு நூறு முறை கேட்கும் சர்க்கரை கடையின் கோடியிலும், மாதம் ஒருமுறை கேட்கும் பொருள் கைக்கருகிலும் இருப்பது.
7. பழுது. வண்டு விழுந்த உளுந்து, காலாவதியான பிஸ்கட், தப்பாகப் போட்ட பில்.

இவற்றில் நமக்குப் பெரியது ஐந்தாவதுதான். ஓர் உதாரணக் கணக்குப் பார்ப்போம். ஒரு கடையில் மாதம் மூன்று லட்சம் ரூபாய்க்குச் சரக்கு (அசல் விலையில்) விற்கிறது. இருப்பு நாலரை லட்சம் இருக்கிறது. இது ஒன்றரை மாதச் சரக்கு. இருப்பை ஒரு மாத அளவுக்குக் கொண்டுவந்தால் ஒன்றரை லட்சம் வெளியே வரும். ஒன்றரை வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தால் மாதம் 2,250 ரூபாய், வருடத்துக்கு 27,000 ரூபாய் வட்டி மிச்சம். வண்டு அரிப்பதும் காலாவதி ஆவதும் குறைவது இதற்கு மேல் லாபம்.

கான்பானுக்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. சர்க்கரை நாளொன்றுக்கு 20 கிலோ விற்கிறது, ஆர்டர் சொன்னால் மூன்று நாளில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மழை, பந்த் என்று தாமதத்துக்கு இரண்டு நாள் சேர்த்தால் ஐந்து நாள், 100 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை இரண்டு. கடைசி இரண்டு மூட்டைக்கு மேலே ஒரு அட்டை வைத்துவிட வேண்டும். அட்டைக்கு அடியில் கை வைக்கும் பையன் அதை எடுத்துக் கல்லாவில் கொடுக்க வேண்டும். அன்றே ஆர்டர் போக வேண்டும். "அண்ணாச்சி, சீரகம் இன்றோடு தீர்ந்துவிட்டது" என்று கடைசி நேரத்தில் சொல்லும் நிலையும் வராது, பயத்தில் பத்து மூட்டை வாங்கி அடுக்கும் நிலையும் வராது.

எந்தச் சரக்குக்கு இது ஆகாது?

இதை எல்லாச் சரக்குக்கும் செய்யலாம் என்று நினைத்தால் தவறு. சர்க்கரையும் எண்ணெயும் ஆண்டு முழுவதும் ஆலையிலிருந்து வருகின்றன. புளி அப்படியா? தை, மாசி, பங்குனியில் உலுக்கினால்தான் உண்டு. மிளகாய் வற்றலும் புதுச் சரக்கு வரும் மாதங்களில் வாங்கிக் குளிர்பதனக் கிடங்கில் வைத்துத்தான் ஆண்டு முழுவதும் விற்கப்படுகிறது. அங்கே இருப்பு வைப்பது வீண் அல்ல, அதுவேதான் வியாபாரம். மொத்த வியாபாரிகள் இதை மறந்துவிடக் கூடாது.

வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதை டொயோட்டாவே அனுபவித்திருக்கிறது. 1997 பிப்ரவரி 1-ஆம் தேதி, அவர்களுக்குப் பிரேக் வால்வு செய்து கொடுத்த ஐசின் கம்பெனியின் தொழிற்சாலை தீப்பிடித்தது. கையில் இருந்த வால்வுகள் சில மணி நேரத்துக்கே போதும். டொயோட்டாவின் தொழிற்சாலைகள் சில நாட்கள் நின்றுபோயின. மற்ற சப்ளையர்கள் தங்கள் பட்டறைகளில் அந்த வால்வைச் செய்து கொடுத்துத்தான் மீட்டார்கள். 2011 மார்ச் நிலநடுக்கத்திலும் உற்பத்தி பெரிதும் தடைபட்டது. அதற்குப் பின் எளிதில் கிடைக்காத மின்னணுப் பாகங்களுக்கு மட்டும் சில மாத இருப்பு வைக்கும்படி சப்ளையர்களுக்குச் சொன்னார்கள். முறையை அவர்கள் கைவிடவில்லை. எதற்கு இருப்பு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்தார்கள்.

2020 ஊரடங்கு நமக்கும் இதைக் காட்டியது. லாரி வராத நாட்களில், கையில் சரக்கு வைத்திருந்த தெருக்கடைகள்தான் தெருவுக்கு அரிசி பருப்பு கொடுத்தன.

எடையும் எண்ணும் மாறும் நோய்க்கு

இரண்டாவது முறை எண்களை வைத்து நடப்பது. 1924-ல் அமெரிக்காவில் டெலிபோன் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த வால்டர் ஷூஹார்ட் என்பவர் தொடங்கிவைத்தார். ஒரே இயந்திரத்தில் செய்யும் பொருள்கூட ஒன்றுக்கொன்று சிறிது மாறும். அந்த மாற்றம் இரண்டு வகை. ஒன்று எப்போதும் உள்ள இயல்பான ஏற்ற இறக்கம். மற்றது ஏதோ புதிதாகக் கெட்டுப்போனதால் வருவது. இரண்டையும் பிரித்துக் காட்ட அவர் ஒரு வரைபடம் கண்டுபிடித்தார்.

அவர் வழியில் வந்த டெமிங், 1950-ல் ஜப்பானுக்குப் போய் அங்குள்ள முதலாளிகளுக்கும் இன்ஜினியர்களுக்கும் பாடம் நடத்தினார். அவர் பெயரால் 1951-ல் ஜப்பானியர் ஏற்படுத்திய பரிசை, 1998-ல் இந்தியாவிலேயே முதலாவதாகப் பெற்றது சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு. 2002-ல் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனமும் பெற்றது. நம் ஊர்த் தொழிலாளர்களுக்கு இதெல்லாம் வராது என்று யாரும் சொல்ல முடியாது.

அதே வேரிலிருந்து 1986-ல் அமெரிக்காவின் மோட்டரோலா நிறுவனத்தில், பில் ஸ்மித் என்ற இன்ஜினியரின் முயற்சியில் பிறந்ததுதான் சிக்ஸ் சிக்மா. பத்து லட்சம் வாய்ப்பில் 3.4 தவறுக்கு மேல் வரக்கூடாது என்பது அதன் இலக்கு. 1995-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவர் ஜாக் வெல்ச் இதைத் தம் கம்பெனி முழுவதும் புகுத்திய பின் உலகெங்கும் பரவியது. பயிற்சி பெற்றவர்களுக்குக் கராத்தே போலப் பச்சைப் பட்டை, கறுப்புப் பட்டை என்று பெயர் கொடுப்பார்கள்.

பட்டை நமக்கு வேண்டாம். அதன் சாரம் வேண்டும். பொட்டலம் போடும் கடைகள் இதைச் செய்து பார்க்கலாம். போட்டு முடித்த ஒரு கிலோ துவரம்பருப்புப் பொட்டலங்களில் இருபதை எடுத்து, பையின் எடையைக் கழித்து, ஒவ்வொன்றாக நிறுத்து எழுதுங்கள். குறைந்தது 1002 கிராம், கூடியது 1018, சராசரி 1009 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். நாளைக்கு 150 பொட்டலம் என்றால் 1,350 கிராம் பருப்பு இனாமாகப் போகிறது. கிலோ 140 ரூபாய் என்றால் 189 ரூபாய். 300 நாளில் 56,700 ரூபாய். இதைத் தர்மம் என்றும் சொல்ல முடியாது, யாருக்குப் போகிறது என்று நமக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது.

மறுபக்கமும் உண்டு. ஒரு பொட்டலம் 990, இன்னொன்று 1010 என்றால் சராசரி 1000 சரியாக இருக்கும். ஆனால் 990 வாங்கிப் போன வீட்டுக்கார அம்மாவுக்கு நம் சராசரியால் என்ன பயன்? வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தால் நம் பெயர் கெட்டுவிடும். எடை குறைந்தால் சட்ட அளவியல் துறையின் நடவடிக்கையும் வரும். ஆகவே சராசரியைப் பார்ப்பது போதாது, ஏற்ற இறக்கத்தைச் சுருக்க வேண்டும் என்பதே இந்த முறையின் பாடம்.

எப்படிச் சுருக்குவது? இங்கேதான் ஷூஹார்ட் பிரித்த இரண்டு வகை உதவுகிறது. தினமும் சிறிது கூடிக் குறைகிறது என்றால் அது பையனின் குற்றம் அல்ல. அகப்பை பெரிதாக இருக்கலாம், தராசு மின்விசிறிக் காற்றில் ஆடலாம், வெளிச்சம் போதாமல் இருக்கலாம். அதை மாற்ற வேண்டியவர் முதலாளி. திடீரென ஒரு நாள் மட்டும் எல்லாம் 20 கிராம் கூடினால் அன்று ஏதோ நடந்திருக்கிறது. தராசை உடனே பார்க்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒவ்வொரு நாளும் பையனைத் திட்டினால், அவன் ஒரு நாள் கூட்டிப் போடுவான், மறுநாள் குறைத்துப் போடுவான். மாற்றம் இன்னும் அதிகமாகும்.

இந்த முறை எங்கே ஆகாது? எண்ணிக்கை குறைவான வேலைக்கு ஆகாது. வாரம் இரண்டு முறை நடக்கும் வேலைக்கு வரைபடம் போட்டு ஆராய்வது, கொசு அடிக்கக் கோடாலி எடுத்த கதை.

வேலை நெரியும் நோய்க்கு

மூன்றாவது முறையைச் சொன்னவர் இஸ்ரேல் நாட்டைச் சேர்ந்த எலியாஹு கோல்ட்ராட். படிப்பால் இயற்பியல்காரர். 1984-ல் வெளிவந்த 'தி கோல்' என்ற நூலில் தம் கருத்தை ஒரு தொழிற்சாலை மேலாளரின் கதையாகவே எழுதினார். சங்கிலியின் பலம் அதன் பலவீனமான கண்ணியில் இருக்கிறது, மற்றக் கண்ணிகளைத் தடிமனாக்கி என்ன பயன் என்பதே அதன் உட்பொருள்.

மாலை ஆறு மணிக்குக் கடையில் கூட்டம். எடை போடுகிறவர் ஒரு சீட்டுக்கு நான்கு நிமிடம் எடுத்தால் மணிக்குப் பதினைந்து பேர். பில் போடுகிறவர் இரண்டு நிமிடம் எடுத்தால் மணிக்கு முப்பது பேர். கூட்டத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு பில் இயந்திரம் வாங்கினால் என்ன ஆகும்? மணிக்கு அதே பதினைந்து பேர்தான். இயந்திரத்துக்குக் கொடுத்த பணம் தண்டம். மத்தியானம் கடை காற்றாடும் நேரத்தில், அதிகம் விற்கும் பத்துப் பன்னிரண்டு சாமான்களைக் கால் கிலோ, அரைக் கிலோ என்று பொட்டலம் போட்டு வைத்தால் எடை வேலை இரண்டரை நிமிடமாகக் குறையலாம். மணிக்கு இருபத்துநான்கு பேர். ஒரு ரூபாய் முதலீடு இல்லை.

மொத்தக் கடையிலும் இதே கதைதான். காலை ஏழு மணிக்குக் குட்டியானை வண்டிகள் வரிசையாக நிற்கும். லோடுமேன்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஆள் போதவில்லை என்று இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தால் சும்மா உட்காருகிறவர்கள்தான் கூடுவார்கள். நெரிவது கணக்குப்பிள்ளையின் மேசையில். முந்தின நாள் மாலையே போனில் ஆர்டர் வாங்கி, இரவே பில்லை எழுதி வைத்துவிட்டால் காலையில் வண்டி வந்தவுடன் ஏற்றலாம்.

கோல்ட்ராட் சொன்ன வரிசை ஐந்து படி. நெரிகிற இடத்தைக் கண்டுபிடி. இருப்பதை வைத்தே அங்கு முழு வேலை வாங்கு. மற்ற வேலைகளை அதன் வேகத்துக்கு ஏற்ப நடத்து. அதன் பிறகும் போதாவிட்டால் மட்டும் பணம் போட்டு அதைப் பெரிதாக்கு. நெரிசல் வேறு இடத்துக்கு நகர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பி. நாமோ பெரும்பாலும் நான்காவது படியிலிருந்துதான் ஆரம்பிக்கிறோம்.

வாடிக்கையாளர் வருவதே குறைந்துவிட்ட கடைக்கு இந்த முறை உள்ளே பயன்படாது. அங்கே நெரிசல் கடைக்குள் இல்லை, சந்தையில் இருக்கிறது.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

டொயோட்டா முறை 'எது வீண்?' என்று கேட்கிறது. சிக்ஸ் சிக்மா 'ஏன் மாறுகிறது?' என்று கேட்கிறது. கோல்ட்ராட் முறை 'எங்கே நெரிகிறது?' என்று கேட்கிறது. முதலாவதற்கு வேண்டியது கண், இரண்டாவதற்கு வேண்டியது தராசும் நோட்டும், மூன்றாவதற்கு வேண்டியது கடிகாரம்.

சில இடங்களில் இவை ஒன்றோடொன்று மோதும். இருப்பை எங்கும் குறை என்பது டொயோட்டாவின் போக்கு. நெரிகிற இடத்துக்கு முன்னால் கொஞ்சம் இருப்பு வை, அந்த இடம் ஒரு நிமிடமும் சும்மா இருக்கக் கூடாது என்பார் கோல்ட்ராட். மத்தியானம் போட்டுவைத்த பொட்டலம் அப்படிப்பட்ட இருப்புதான். ஆனால் மாலையில் தீரும் அளவுக்கு மட்டும் போட வேண்டும். ஒரு வாரத்துக்குப் போட்டு அடுக்கினால் ஓனோவின் முதல் வகை வீணில் போய் நிற்கும்.

ஒன்றில் மூன்றும் ஒத்துப்போகின்றன. வேலை செய்கிறவனிடம் கேட்காமல் எதுவும் திருந்தாது. எந்தச் சாமானுக்கு எத்தனை முறை நடக்கிறோம், எந்தச் சாக்கு ஓட்டையில் சிந்துகிறது என்பது கல்லாவில் இருக்கும் நமக்குத் தெரியாது, பையனுக்குத் தெரியும். டொயோட்டாவில் பழுது கண்டால் சாதாரணத் தொழிலாளியே கயிற்றை இழுத்து மேற்பார்வையாளரை அழைக்கலாம். தீராவிட்டால் வேலை வரிசையே நிற்கும். நம் கடையில் "இது வண்டு விழுந்த மூட்டை" என்று சொல்லும் பையனுக்குத் திட்டு விழாமல் இருந்தாலே போதும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதல் மாதம் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கல்லாவில் வைத்து நான்கு விஷயங்களை மட்டும் எழுதுங்கள். ஒன்று, வாடிக்கையாளரிடம் 'இல்லை' என்று சொன்ன ஒவ்வொரு பொருளும். இரண்டு, கெட்டோ காலாவதியாகியோ ஒதுக்கிய ஒவ்வொரு பொருளும் அதன் விலையும். மூன்று, எடையிலும் பில்லிலும் வந்த தவறுகள். நான்கு, கூட்ட நேரத்தில் ஒருவர் எத்தனை நிமிடம் நின்றார், எங்கே நின்றார் என்பது.

மாதக் கடைசியில் நோட்டே நோயைச் சொல்லிவிடும். 'இல்லை' என்ற பட்டியலும் ஒதுக்கிய பட்டியலும் சேர்ந்து நீளமாக இருந்தால், பணம் தப்பான சரக்கில் கிடக்கிறது. அட்டை முறையை ஆரம்பியுங்கள். தவறுகள் அதிகம் என்றால் இருபது பொட்டலம் நிறுத்துப் பாருங்கள். காத்திருப்பு அதிகம் என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். மூன்றையும் ஒரே நாளில் தொடங்கினால் ஒன்றும் நடக்காது. ஒரு நேரத்தில் ஒரு சாமான், ஓர் இடம் என்று போவதே நல்லது. சிறிது சிறிதாக, நிற்காமல் திருத்திக்கொண்டே போவதற்குத்தான் ஜப்பானியர் கைசென் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. சிக்ஸ் சிக்மாவைப் பெற்றெடுத்த மோட்டரோலாவே, கைப்பேசி வியாபாரத்தில் ஒரு காலத்தில் முன்னணியில் இருந்தும், அந்தப் பிரிவு 2012-ல் கூகுளுக்கும் 2014-ல் லெனோவோவுக்கும் கைமாறியது. வாடிக்கையாளர் கேட்பது மாறிவிட்டால், கேட்காத பொருளைத் தவறில்லாமல் செய்தும் பயன் இல்லை. நமக்கும் அப்படியே. தெருவில் எந்த வீட்டுக்கு யார் குடிவந்திருக்கிறார்கள், அவர்கள் என்ன அரிசி சாப்பிடுகிறார்கள், யாருக்குச் சர்க்கரை நோய் வந்து சிறுதானியம் கேட்கிறார்கள் என்பது பெரிய அங்காடிக்காரரைவிட நமக்கு நன்றாகத் தெரியும். அந்த அறிவை எந்தத் தொழிற்சாலை முறையும் தராது.

அந்த அறிவு நம்மிடம் இருக்கும்போது, சிந்துகிற பருப்பாலும் தூங்குகிற சரக்காலும் நாம் தோற்றுப்போகக் கூடாது. நம் தொழிலைப் பார்த்து ஒரு கார் கம்பெனி பிழைத்துக்கொண்டது. அதே பாடத்தைக் கடைக்காரர்களாகிய நாமும் கற்றுக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் சொல்லும் சொற்களைக் கேட்டுக்கொள்வோம். நோட்டை நாம் எழுதுவோம். இருவரும் சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.